சேவல் நம்முடையது, தூக்கம் அடுத்த வீட்டாருடையது



அதிகாலை மூன்று மணி. திருப்பாதிரிப்புலியூரின் தெருக்கள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. பால்காரர்கூட இன்னும் வரவில்லை. அந்த அமைதியில் ஒரு மாடியிலிருந்து 'கொக்கரக்கோ' என்று ஒரு குரல் எழும்புகிறது. அடுத்த தெருவிலிருந்து அதற்கு ஒரு பதில் குரல். சேவலை வளர்ப்பவருக்கு அது வீட்டின் மங்கல ஒலி. இரவெல்லாம் இருமிவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்த அடுத்த வீட்டுப் பெரியவருக்கு அது என்ன ஒலி?

இது யாரையோ பார்த்துக் கேட்கும் கேள்வி அல்ல. எங்களையே நாங்கள் கேட்டுக்கொண்ட கேள்வி. எங்கள் வீட்டில்தான் சேவல் இருந்தது.

எங்கள் வீட்டில் நடந்தது

நெல்லிக்குப்பம் பக்கமிருக்கும் உறவினர் ஒருவர் ஐந்து நாட்டுக்கோழிக் குஞ்சுகளைக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்குமே என்று மகிழ்ச்சியோடு வாங்கி வந்தோம். எது சேவல், எது பெட்டை என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. நான்கைந்து மாதத்தில் இரண்டுக்குக் கொண்டை சிவந்தது, இரண்டும் கூவத் தொடங்கின. கீழே நெருக்கடி என்பதால் மாடியில் தகரக் கொட்டகைக்குள் கூண்டை வைத்திருந்தோம். அந்த இடம் அடுத்த வீட்டுப் படுக்கை அறைச் சன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. அது எங்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. நினைத்துப் பார்க்காத செய்தி.

ஒரு நாள் காலையில் வாசலில் கோலம் போடும்போது அடுத்த வீட்டு அக்கா மெதுவாகச் சொன்னார்: "ஏம்மா, சொன்னா கோவிச்சுக்காத. உங்க சேவலு மூணு மணிக்கே ஆரம்பிச்சுடுது. இவருக்கு ஆபரேசன் ஆனதுலேருந்து தூக்கம் வர்றதே பெரும்பாடா இருக்கு. வர்ற நேரத்துல அது எழுப்பி விட்டுடுது."

எங்கள் வீட்டிலிருந்து உடனே பதில் வந்தது: "அதுக்கு நாங்க என்னக்கா பண்றது? சேவலு வாயைக் கட்டவா முடியும்?"

அவர் மறு பேச்சுப் பேசவில்லை. உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து வாசல் பேச்சு நின்றுபோனது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று நாங்கள் கொண்டுபோன பலகாரத் தட்டை வாசலில் நின்றபடியே வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் வரும் 'உள்ளே வாங்க' என்ற சொல் மட்டும் வரவில்லை. அப்போதும் நாங்கள் அவர்களைத்தான் குறை சொன்னோம். 'ஒரு சேவலுக்காக இவ்வளவு கோபமா?' என்றோம்.

சில வாரங்கள் கழித்து எங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று இரவுகள் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. நான்காம் இரவு, நள்ளிரவு தாண்டி அவன் உறங்கினான். நாங்களும் தலை சாய்த்தோம். மூன்று மணிக்கு மாடியிலிருந்து குரல் எழுந்தது. பிள்ளை அலறிக்கொண்டு எழுந்தான். எங்கள் சேவல்தான்! அடுத்த வீட்டில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

சேவல் ஏன் கூவுகிறது?

விடியலின் ஒளியைப் பார்த்துத்தான் சேவல் கூவுகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மை சற்று வேறு. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சேவல்களை மங்கலான ஒளியிலேயே நாள் முழுவதும் வைத்துக் கவனித்தார்கள். வெளிச்சம் எப்போது வரும் என்று தெரியாத நிலையிலும் அவை ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒருமுறை, தம் விடியற்காலை நேரத்தில் கூவின. சேவலின் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று. இயல்பான நாள்களில் வெளிச்சம் வருவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே அந்தக் கடிகாரம் அதைக் கூவ வைக்கிறது. விளக்கு வெளிச்சமும் மற்றச் சேவல்களின் குரலும் அதைத் தூண்டும் என்றாலும், அடிப்படைக் காரணம் உள்ளிருக்கும் கடிகாரமே.

அதே ஆய்வாளர்கள் 2015இல் இன்னொன்றையும் சொன்னார்கள். ஒரு கூட்டத்தில் உயர்ந்த நிலையிலுள்ள சேவலே முதலில் கூவுகிறது. மற்றவை தம் நிலைக்கு ஏற்ப வரிசையாகப் பின்தொடர்கின்றன. முதல் சேவலை அகற்றிவிட்டால் இரண்டாவது நிலையிலுள்ளது முதலில் கூவத் தொடங்குகிறது. தன் எல்லையை அறிவிப்பதே கூவலின் ஒரு நோக்கம் என்பதால் ஒரு சேவலின் குரல் இன்னொரு சேவலுக்கு அறைகூவல் ஆகிறது. இரண்டு சேவல் உள்ள வீட்டில் சத்தம் ஏன் ஓயாது என்பதும் இதனால் விளங்கும்.

ஓசையின் அளவும் சிறியதல்ல. அருகிலிருந்து கேட்டால் 100 டெசிபலைத் தாண்டும். 2018இல் பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் சேவலின் காதருகே கருவி பொருத்தி அளந்தபோது அது 140 டெசிபலையும் எட்டியது. அப்படியானால் சேவலின் காது செவிடாகிவிடாதா? அது அலகை முழுவதும் திறக்கும்போது காதுத் துளை தானாக மூடிக்கொள்கிறது என்று அவர்கள் கண்டார்கள். சேவலுக்கு இந்தப் பாதுகாப்பை இயற்கையே கொடுத்திருக்கிறது. அடுத்த வீட்டாருக்கு அப்படி ஒன்று இல்லை.

ஆக, கூவாதே என்று சேவலுக்குக் கற்றுக்கொடுக்க முடியாது. அதைக் கடிந்தும் பயனில்லை. அப்படியானால் பொறுப்பு யாருடையது? வளர்ப்பவருடையதுதான்.

அடூரிலும் பிரான்சிலும்

இந்தச் சிக்கல் நம் தெருவுக்கு மட்டும் உரியதல்ல. கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டத்தில், அடூர் அருகே பள்ளிக்கல் என்ற ஊர் இருக்கிறது. நோயுற்றிருந்த முதியவர் ஒருவர், அடுத்த வீட்டுச் சேவல் அதிகாலை மூன்று மணிக்குக் கூவித் தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அடூர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் முறையிட்டார். அதிகாரிகள் இரு தரப்பையும் கேட்டார்கள், இடத்தையும் நேரில் பார்த்தார்கள். கோழிக் கூண்டு அடுத்த வீட்டின் மேல்மாடியில் இருந்தது. அதை 14 நாள்களுக்குள் மாடியிலிருந்து இறக்கி, மனையின் தென்பகுதிக்கு மாற்ற வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் ஆணை பிறந்தது.

இந்த ஆணையை நாம் உற்றுப் பார்க்க வேண்டும். சேவலைக் கொல்லச் சொல்லவில்லை. கோழி வளர்க்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. இடத்தை மாற்றச் சொன்னார்கள், அவ்வளவுதான். இதை இரு வீட்டாரும் ஒரு மாலை நேரத்தில் உட்கார்ந்து பேசியே முடிவு செய்திருக்கலாம் அல்லவா?

இதற்கு நேர் மாறான தீர்ப்பு ஒன்று பிரான்சு நாட்டில் வந்தது. பக்கத்திலேயே புதுச்சேரி இருப்பதால் அந்த நாடு நம் மக்களுக்குப் புதிதல்ல. சேவலே அந்நாட்டின் அடையாளங்களில் ஒன்று. அங்கே ஒலெரோன் தீவில், புனித பேதுருவின் பெயர் தாங்கிய ஓர் ஊரில், மொரீஸ் என்ற சேவல் இருந்தது. விடுமுறையைக் கழிக்க அங்கே வீடு வைத்திருந்த அண்டை வீட்டார் அதன் கூவலால் தொல்லை என்று வழக்குத் தொடர்ந்தார்கள். ரோஷ்ஃபோர் நகர நீதிமன்றம் 2019 செப்டம்பர் 5 அன்று சேவலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்களே 1,000 யூரோ இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. மொரீஸ் 2020இல் இறந்துபோனது. 2021 சனவரியில், நாட்டுப்புறத்தின் ஒலிகளையும் மணங்களையும் நாட்டின் மரபுச் செல்வமாக ஏற்கும் சட்டம் ஒன்று பிரான்சில் வந்தது.

ஓரிடத்தில் கூண்டை மாற்றச் சொன்னார்கள். மற்றோரிடத்தில் சேவல் கூவட்டும் என்றார்கள். எது சரி? இரண்டும் சரியாக இருக்கலாம். நாட்டுப்புறத்தைத் தேடிப் போனவர் அதன் ஒலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒரு நியாயம். பிறந்து வளர்ந்த வீட்டில் நோயோடு படுத்திருப்பவர் எங்கே போவார் என்பது இன்னொரு நியாயம். கடலூரைச் சுற்றி நேற்றுவரை வயலாக இருந்த இடங்கள் இன்று மனைகளாகிவிட்டன. அங்கே முன்பே கோழி வளர்த்தவர்களும் இருக்கிறார்கள், புதிதாக வீடு கட்டி வந்தவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு நியாயங்களும் ஒரே தெருவில் சந்திக்கின்றன.

சட்டம் எதுவரை உதவும்?

நம் நாட்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது அவற்றின் அளவு. இந்த அளவு நேர அடிப்படையிலான சராசரி என்பதால் ஒரு சேவலின் ஒரு கூவலை அதனோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் இரவின் அமைதிக்குத் தனி மதிப்பு உண்டு என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பொதுத் தொல்லையை அகற்ற ஆணையிடும் அதிகாரமும் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்களுக்கு உண்டு.

சேவலைப் பற்றிப் பேசும்போது நம் ஆலயங்களின் ஒலிபெருக்கியையும் நினைக்காமல் இருக்க முடியாது. சென்னையில் ஒரு சபையின் வழிபாட்டு ஓசையை எதிர்த்து கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கத்தார் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. பிறருடைய அமைதியைக் குலைத்துத்தான் மன்றாட வேண்டும் என்று எந்தச் சமயமும் சொல்லவில்லை என்பதை 2000 ஆகஸ்டு 30 அன்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. முதியோர், நோயாளிகள், மாணவர்கள், பச்சிளங் குழந்தைகள் ஆகியோரின் நிலையையும் அது எண்ணிப் பார்த்தது. சேவலுக்காவது நிறுத்தும் பொத்தான் இல்லை. ஒலிபெருக்கிக்கு இருக்கிறதே!

ஆனால் சட்டம் ஓரளவுதான் உதவும். ஆணை வாங்கிக் கூண்டை நகர்த்தலாம். ஆணை வாங்கி 'உள்ளே வாங்க' என்ற சொல்லைத் திரும்பப் பெற முடியுமா?

நாம் என்ன செய்யலாம்?

கோழி வளர்ப்பதையே விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பல ஏழைக் குடும்பங்களில் நாட்டுக்கோழிதான் பெண்களின் கையிருப்பு. மருந்துச் செலவுக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் அவசரத்தில் கைகொடுப்பது அதுவே. அதை மதித்துக்கொண்டே சில காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, நமக்குச் சேவல் உண்மையில் தேவையா என்று பார்ப்போம். பெட்டைக் கோழி முட்டையிடச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமானால்தான் தேவை. அப்போதும் ஏறக்குறைய பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஒருமுறை இணைந்த பெட்டை, அதன்பின் ஒரு வாரத்துக்கும் மேலாகக் கரு உள்ள முட்டைகளை இடும். ஆகவே உறவினர் வீட்டுச் சேவலைத் தேவையான நாள்களுக்கு மட்டும் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, இடம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஓசை சுமார் 6 டெசிபல் குறையும். சன்னலுக்கு 3 மீட்டரில் இருக்கும் கூண்டை 12 மீட்டருக்கு நகர்த்தினால் சுமார் 12 டெசிபல் குறையும். இடையில் ஒரு சுவர் இருந்தால் இன்னும் குறையும். மாடியில் தடுக்க ஒன்றும் இல்லாததால் ஓசை நாலா பக்கமும் போகும். அடூர் ஆணையின் பொருள் இதுதான்.

மூன்றாவது, இரவு நேரம். சேவலை இருட்டான, கெட்டியான சுவருள்ள கூண்டில் அடைத்துக் காலை ஆறு மணிக்குப் பின் திறந்துவிடலாம். உள்ளிருக்கும் கடிகாரத்தை இருட்டு நிறுத்திவிடாது. ஆனால் தெருவிளக்கும் வண்டி வெளிச்சமும் தூண்டுவது குறையும், குரலும் வெளியே குறைவாகவே கேட்கும். ஒன்றை மறக்கக் கூடாது. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கியே அது உடல் சூட்டைத் தணிக்கும். நம் ஊர் வெயில் காலத்தில் காற்றுப் புகாத பெட்டியில் அடைத்தால் இறந்துவிடும். காற்றுக்கு வழி விட வேண்டும். கழுத்தில் கட்டுப் போட்டுக் கூவலை நிறுத்துவது வாயில்லா உயிருக்குச் செய்யும் கொடுமை.

நான்காவது, பேச்சு. கோழி வாங்குவதற்கு முன்பே அடுத்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். இரவு வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தைக்காரி, தேர்வு எழுதும் பிள்ளை, நோயாளி யாராவது இருக்கிறார்களா என்று கேட்கலாம். சிப்காட் ஆலைகளில் இரவு வேலை முடித்துக் காலையில் உறங்குபவருக்குப் பகலும் இரவுதான்.

தொல்லைப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனத்துக்குள் கோபத்தைச் சேர்த்துவைத்து ஒரு நாள் வெடிப்பதைவிட, முதல் வாரத்திலேயே அமைதியாகச் சொல்லிவிடுவது நல்லது. எந்த நேரத்தில் கூவுகிறது, வீட்டில் யாருக்கு என்ன துன்பம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கல்லெறிவதும் மருந்து வைப்பதும் பாவம். பேசியும் கேட்காவிட்டால் அதிகாரிகளிடம் போவதில் தவறில்லை. அடூர்ப் பெரியவர் செய்தது அதைத்தான்.

பேதுரு கேட்ட சேவல்

கிறிஸ்தவர்களாகிய நமக்குச் சேவல் என்றதும் நினைவுக்கு வருபவர் பேதுரு. தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டே மும்முறை மறுதலித்தார். சேவல் கூவியது. அவர் வெளியே போய் மனம் நொந்து அழுதார். எருசலேமில் அந்த நிகழ்ச்சியின் நினைவாக எழுந்த ஆலயத்தின் உச்சியில் இன்றும் ஒரு பொற்சேவல் நிற்கிறது. ஐரோப்பாவின் பல ஆலயக் கோபுரங்களிலும் சேவல் உருவம் உண்டு. நம் இந்துச் சகோதரர்களுக்கோ அது முருகனின் கொடியில் இருக்கிறது.

அந்தச் சேவல் பேதுருவைக் குற்றம் சாட்டவில்லை. தினமும் கூவுவதுபோல் தன் இயல்புப்படி கூவியது. விழித்துக்கொண்டது பேதுருவின் மனச்சான்று. அவர் மறுதலித்தபோது சொன்னது, 'அந்த மனிதரை எனக்குத் தெரியாது' என்ற பொருள்படும் சொல். அடுத்த வீட்டு அக்காவிடம் 'நாங்க என்ன பண்றது' என்று நாங்கள் சொன்னதும் ஏறக்குறைய அதே சொல்தான். உன் துன்பம் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன் என்பதுதானே அதன் பொருள்?

நீதிமொழிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தில் நகைச்சுவை கலந்த ஓர் அறிவுரை இருக்கிறது. விடியுமுன் எழுந்து, உரத்த குரலில் ஒருவரை வாழ்த்தினால் அந்த வாழ்த்தும் சாபமாகவே எண்ணப்படும் என்பது அதன் கருத்து. நல்ல காரியமே ஆனாலும் நேரமும் அளவும் தவறினால் பிறருக்குத் துன்பமாகும் என்பதை முன்னோர் எவ்வளவு அழகாகக் கண்டிருக்கிறார்கள்!

எங்கள் வீட்டில் பிறகு என்ன நடந்தது? இரண்டு சேவல்களில் ஒன்றை நெல்லிக்குப்பத்துக்கே திருப்பிக் கொடுத்தோம். மற்றதை மாடியிலிருந்து இறக்கி, வீட்டின் பின்பக்கம் மறுசுவர் ஓரமாகக் கூண்டு கட்டினோம். ஆறு மணிக்குப் பிறகே திறந்துவிடுகிறோம். அதன்பின் அடுத்த வீட்டுக்குப் போய், "அக்கா, அன்னிக்குப் பேசினது தப்பு" என்று சொன்னோம். சொல்வதற்குக் கூண்டு கட்டியதைவிட அதிக நாளாயிற்று.

சேவல் கூவுவது முற்றிலும் நின்றுவிடவில்லை. இன்னும் சில நாள் விடியுமுன் அதன் குரல் மெல்லக் கேட்கத்தான் செய்கிறது. "இப்பப் பரவாயில்லம்மா, தூரத்துல கேக்குற மாதிரி இருக்கு. அவரும் தூங்குறாரு" என்கிறார் அந்த அக்கா. வாசல் பேச்சும் மெல்லத் திரும்பியிருக்கிறது.

முட்டை நமக்கு, குஞ்சு நமக்கு, விற்ற பணமும் நமக்கு. தூக்கம் கெடுவது மட்டும் அடுத்த வீட்டாருக்கு என்றால் அது என்ன நியாயம்? நம் வீட்டில் கூவுவது சேவலாக இருக்கலாம், தொலைக்காட்சியாக இருக்கலாம், திருவிழா ஒலிபெருக்கியாகவும் இருக்கலாம். இன்றிரவு படுக்கப் போகுமுன், சுவருக்கு அப்பால் படுத்திருப்பவர் யார், அவர் உடல்நிலை என்ன என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்போமா?

சிந்திப்போம்! செயல்படுவோம்!